யூ-கி-ஓ! கார்டு விற்க வந்த தொடரா?

ஒரு பெற்றோர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் பையனுக்கு 10 வயது. யூ-கி-ஓ! என்று ஒரு பழைய ஜப்பானியக் கார்ட்டூனை விடாமல் பார்க்கிறான். கார்டு விற்பதற்கென்றே எடுத்த தொடர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்துக்கு விதி என்று ஒன்று இருப்பதாகவும் தெரியவில்லை. தோற்கப் போகிற நேரத்தில் வேண்டிய கார்டு கைக்கு வந்துவிடுகிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது? பார்க்க விடலாமா?"

விடலாம். முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சந்தேகத்தில் பாதி சரி, அதை மறைக்காமல் சொல்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்தக் கதை எனக்கு மிகவும் வேண்டிய கதை.

முதலில் வந்தது கார்டு அல்ல, கதை. கசுகி தகஹாஷி 1996 செப்டம்பரில் ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் யூ-கி-ஓ! மாங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, தொடங்கினார். அந்தப் பெயருக்கு 'விளையாட்டுகளின் அரசன்' என்று பொருள். கார்டுகளின் அரசன் இல்லை என்பதைக் கவனியுங்கள். டோமினோ நகரத்தில் யூகி முத்தோ என்று ஒரு பள்ளி மாணவன். குள்ளமானவன், கூச்சக்காரன், நெருங்கிய நண்பர்கள் என்று யாரும் இல்லாதவன். தாத்தா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் தந்த எகிப்தியப் பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்த தங்கப் புதிரை 8 ஆண்டுகள் போராடிப் பொருத்துகிறான். அது பிரமிடாக முழுமை பெறும்போது உள்ளே அடைபட்டிருந்த ஓர் ஆவி அவனுக்குள் வந்துவிடுகிறது. அவனை அடிப்பவர்களையும் ஏய்ப்பவர்களையும் அந்த ஆவி விளையாட்டுக்கு அழைக்கும். தோற்றாலோ கள்ளாட்டம் ஆடினாலோ தண்டனை உண்டு.

அந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. தப்பியோடிய கைதி ஒருவன் உணவகத்தில் யூகியின் தோழியைப் பிணையாகப் பிடித்துவைத்திருக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு விரலை மட்டும்தான் அசைக்கலாம் என்பது விதி. கைதி துப்பாக்கிக் குதிரையை அழுத்தும் விரலைத் தேர்ந்துகொள்கிறான். யூகிக்குள் இருப்பவன் கட்டைவிரலைத் தேர்ந்துகொள்கிறான், லைட்டரைக் கொளுத்துவதற்கு. அந்த மனிதனின் பேராசையும் அசட்டையுமே அவனை விழத்தட்டுகின்றன. தொடக்கத்தில் தகஹாஷி எழுதியது இப்படிப்பட்ட கதைகளைத்தான். ஒரு மனிதன் எப்படி ஆடுகிறான் என்று பார்த்தால் அவன் யார் என்று தெரிந்துவிடும் என்பதுதான் அவற்றின் அடிப்படை. (இந்தத் தொடக்க மாங்கா 10 வயதுக்கு வேண்டாம். கொடூரம் அதிகம்.)

இப்படிப் பல விளையாட்டுகளுக்கு நடுவில் ஒரு சிறுகதைக்காக ஒரு கார்டு ஆட்டமும் வந்தது. அமெரிக்காவில் 1993-இல் வெளியான மேஜிக்: தி கேதரிங் என்ற ஆட்டத்தை மனத்தில் வைத்து, மேஜிக் அண்ட் விசார்ட்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார். பணக்காரப் பையன் கைபா முதன்முதலில் வருவதும் அந்தக் கதையில்தான். வாசகர்களிடம் கிடைத்த வரவேற்பால் ஆட்டம் திரும்ப வந்தது, பிறகு கதையையே தன் வசம் எடுத்துக்கொண்டது. 1998-இல் தோயெய் அனிமேஷன் நிறுவனம் எடுத்த முதல் தொடர் 27 எபிசோடுகளோடு முடிந்துபோனது. அதே காலத்தில் பண்டாய் சில கார்டுகளை வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் கோனாமி முறையான ஆட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு, 2000 ஏப்ரலில்தான், உங்கள் பையன் பார்க்கும் தொடர் டிவி டோக்கியோவில் தொடங்கியது. ஸ்டுடியோ கேலப் தயாரிப்பு. 2004 செப்டம்பர் வரை 224 எபிசோடுகள்.

உங்கள் சந்தேகம் சரியாகிற இடம் இதுதான். இந்த இரண்டாவது தொடர், கார்டுகள் கடையில் இருக்கும்போது கார்டுகளைப் பற்றி எடுத்த தொடர். மாங்காவின் முதல் ஏழு புத்தகங்களில் நடந்ததை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு நேரே கார்டு மோதலில் தொடங்குகிறது. 2001-இல் ஃபோர்கிட்ஸ் நிறுவனத்தின் ஆங்கில டப்பிங் அமெரிக்காவில் ஓடத் தொடங்கியது. 2002-இல் ஆங்கிலக் கார்டுகள் அங்கே கடைக்கு வந்தன. 2011 மார்ச் வரை உலகம் முழுதும் 2,500 கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் விற்றதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. வணிகம் இல்லை என்று யாராலும் வாதிட முடியாது.

முதல் ஏழு புத்தகங்களை வெட்டியதால் கதைக்கு நேர்ந்த இழப்பை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. யூகியின் உயிர் நண்பன் ஜோனோவுச்சி (ஆங்கிலத்தில் ஜோயி) தொடக்கத்தில் யூகியைச் சீண்டியவன். புதிரின் ஒரு துண்டை எடுத்து நீச்சல் குளத்தில் எறிந்தவன். அவனை ஒரு முரடன் அடித்து நொறுக்கும்போது குறுக்கே நின்று அடியை வாங்கிக்கொண்டவன் யூகி. அன்றைக்கே தண்ணீருக்குள் குதித்து அந்தத் துண்டைத் தேடியெடுக்கிறான் ஜோனோவுச்சி. ஜப்பானிய மொழியில் நட்புக்கு 'யூஜோ' என்று பெயர். யூகியின் 'யூ', ஜோனோவுச்சியின் 'ஜோ'. தகஹாஷி யோசித்து வைத்த பெயர்கள் இவை. டிவி தொடரில் இது பழைய நினைவாகச் சில நிமிடங்களில் கடந்துபோகிறது. நட்பு, நட்பு என்று இவர்கள் ஏன் ஓயாமல் பேசுகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றினால், குற்றம் அந்த வெட்டினுடையது.

விதிகள் பற்றிய உங்கள் குறை நியாயமானது. முதல் நாற்பது எபிசோடுகளில் பெகாசஸ் என்பவரின் தீவில் நடக்கும் போட்டியில் ஆளுக்கு 2,000 உயிர்ப்புள்ளிகள். எதிராளியை நேரடியாகத் தாக்கக் கூடாது. எவ்வளவு பெரிய அசுரனையும், களத்தில் உள்ள தன் அசுரன் எதையும் பலி கொடுக்காமல் இறக்கலாம். இதற்கு மேல் நடப்பதுதான் உங்களைத் திகைக்க வைத்திருக்கும். கடல் அசுரர்களை வைத்து ஆடும் ஒருவனை எதிர்க்கும்போது, யூகி தன் கல் சிப்பாயை ஏவிக் களத்திலிருக்கும் முழு நிலவையே தாக்கச் சொல்கிறான். நிலவு போனால் ஓதம் இறங்கும், ஓதம் இறங்கினால் மீன்கள் தரையில் கிடக்கும். இன்னொரு ஆட்டத்தில் எதிராளியின் மிதக்கும் கோட்டையைத் தூக்கி நிறுத்தும் வளையத்தை உடைத்து, கோட்டையை அவனுடைய அசுரர்கள் மேலேயே விழவைக்கிறான். எந்தக் கார்டிலும் இப்படி ஒன்று எழுதியிருக்காது.

இதை விதி தெரியாமல் எழுதியது என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தீவுப் பகுதிக்குச் சற்று முன்னால் மாங்காவில் ஒரு நீண்ட அத்தியாயத் தொடர் முழுக்க மேஜை மேல் ஆடும் ரோல்-பிளே விளையாட்டு. ஒருவர் உலகத்தை விவரிப்பார், மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள், செய்வது பொருந்தினால் நடக்கும். நிலவைத் தாக்குவதும் அந்த மரபில் வந்த யோசனைதான். கார்டில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, படத்தில் இருப்பது உண்மையிலேயே எதிரில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிற ஆட்டம் அது. கோனாமியின் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறாகத் தெரியும், கதையாகப் பார்த்தால் தொடரிலேயே கற்பனை அதிகம் ததும்பும் ஆட்டங்கள் இவைதான் என்பது என் கருத்து.

அடுத்த பகுதியான பேட்டில் சிட்டியிலிருந்து நிலைமை மாறுகிறது. 4,000 புள்ளிகள், பெரிய அசுரனுக்குப் பலி, 40 கார்டுகள் கொண்ட டெக் (கார்டுக் கட்டு), கார்டுகளை வைத்து ஆடக் கையில் மாட்டிக்கொள்ளும் டூயல் டிஸ்க். கடையில் விற்ற ஆட்டத்தின் விதிகளைக் கதை அப்போதுதான் எட்டிப்பிடிக்கிறது. மேஜையில் ஆடும் உண்மையான ஆட்டத்தில் தொடக்கப் புள்ளி 8,000. ஐந்து, ஆறாம் நிலை அசுரனுக்கு ஒரு பலி, ஏழும் அதற்கு மேலும் என்றால் இரண்டு. உங்கள் பையன் நண்பர்களோடு ஆட விரும்பினால் இதைக் கற்றுக்கொள்ளட்டும், தீவில் பார்த்ததை மறந்துவிடட்டும்.

வேண்டிய கார்டு வேண்டிய நேரத்தில் வருவது பற்றி. முதல் எபிசோடில் கைபாவிடம் 3,000 தாக்குதல் வலிமை கொண்ட மூன்று ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன்கள் வந்து நிற்க, யூகி எக்ஸோடியா என்ற அசுரனின் ஐந்து துண்டுக் கார்டுகளையும் கையில் சேர்த்து ஒரே அடியில் ஜெயிக்கிறான். ஐந்தும் கையில் சேர்ந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், உண்மையான விதியும் அதுதான். 40 கார்டு டெக்கில் ஒவ்வொரு துண்டும் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து கார்டிலேயே ஐந்தும் வர வாய்ப்பு 6,58,008-இல் ஒன்று. பையனிடம் காகிதம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 40-ஐ 39, 38, 37, 36 ஆகியவற்றால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். யூகி ஐந்தையும் முதல் கையிலேயே பெறவில்லை, ஆட்டம் நெடுக ஒவ்வொன்றாக இழுக்கிறான். வாய்ப்பு அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அது கதாசிரியர் தந்த வரம்தான். டெக்கை நம்பினால் கார்டு வரும் என்று தொடர் சொல்வதை நான் நம்பச் சொல்லவில்லை.

ஆனால் வந்த கார்டை என்ன செய்கிறான் என்பதில்தான் கதை இருக்கிறது. அதற்கு ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். பெகாசஸின் கோட்டை மாடியில் யூகியும் கைபாவும் மறுபடி மோதுகிறார்கள். கைபாவின் தம்பி மொகுபா கோட்டைக்குள் சிறைப்பட்டிருக்கிறான். ஜெயித்தால்தான் உள்ளே போய் மீட்க முடியும். மூன்று டிராகன்களையும் இணைத்து 4,500 வலிமையில் மூன்று தலை டிராகனைக் கைபா இறக்குகிறான். யூகி அதைத் தன்னிடமிருக்கும் மாமூத் யானை எலும்புக்கூட்டோடு சேர்த்து இணைத்துவிடுகிறான். உயிருள்ளதோடு செத்ததைக் கலந்தால் அழுகும், டிராகன் ஒவ்வொரு முறையும் வலுவிழக்கிறது. அது முழுதும் நலியும்வரை காலம் கடத்த, 300 வலிமைகூடத் தாண்டாத உருண்டைக் குட்டி அசுரன் குரிபோவை நூற்றுக்கணக்கில் பெருக்கி அரண் கட்டுகிறான். ஆட்டம் யூகியின் கையில்.

அப்போது கைபா எழுந்து மாடியின் விளிம்புச் சுவர்மேல் போய் நிற்கிறான். தாக்கினால் அதன் அதிர்வில் விழுந்து சாவேன், தாக்கு என்கிறான். யூகிக்குள் இருக்கும் ஆவி தாக்கக் கை நீட்டுகிறது. சிறுவன் யூகி உள்ளிருந்து கத்தி, தன் உடம்பைத் தானே தடுத்து நிறுத்துகிறான். மண்டியிட்டு அழுகிறான். கைபா தாக்கி ஜெயித்துப் போகிறான். நாயகன் தோற்ற ஆட்டம் இது. தோற்றது மட்டுமில்லை, தனக்குள் இருப்பவன் கொலைக்கும் துணிவான் என்று தெரிந்துகொண்டு, அடுத்து ஆடவே பயப்படுகிறான். விளம்பரத்துக்கு மட்டும் எழுதும் ஒருவர் நாயகனை இப்படி உடைத்துப் போடமாட்டார். உங்கள் பையன் இதைப் பார்க்கும்போது பக்கத்தில் இருங்கள். கைபா செய்தது சரியா என்று மட்டும் கேளுங்கள். தம்பிக்காகச் செய்தான் என்பதால் எளிதில் விடை வராது.

தொடர் முழுக்க ஓடும் இழை இங்கிருந்து தெரியத் தொடங்கும். பெகாசஸ் இந்தத் தீவையும் போட்டியையும் ஏற்பாடு செய்ததே இளம் வயதில் இறந்துபோன தன் காதலிக்காக. யூகியின் புதிரையும் கைபாவின் முப்பரிமாணப் படத் தொழில்நுட்பத்தையும் கைப்பற்றினால் அவளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நம்புகிறார். யூகிக்குள் இருப்பவனும் இறந்தவன்தான். 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எகிப்திய ஃபரோ அடெம், தன் பெயரே மறந்துபோய்ப் புதிருக்குள் கிடந்தவன். ஆக இறந்தவரை அனுப்ப முடியாதவர்களின் கதை இது. கூச்சக்காரச் சிறுவனுக்கு வந்த துணிச்சல் எல்லாம் செத்தவன் ஒருவனிடம் வாங்கிய கடன். எப்போது திருப்பிக் கொடுப்பான், கொடுத்த பிறகு என்ன மிஞ்சும் என்பதைக் கேட்டுக்கொண்டேதான் 224 எபிசோடுகளும் நகர்கின்றன.

ஆங்கில டப்பிங் பற்றியும் சொல்ல வேண்டும், அநேகமாக உங்கள் வீட்டில் ஓடுவது அதுதான். குழந்தைகளுக்காக என்று நிறைய மாற்றினார்கள். மரணம் வருகிற இடமெல்லாம் 'நிழல் உலகத்துக்கு அனுப்புதல்' ஆனது. துப்பாக்கிகளை அழித்ததில், பெகாசஸின் ஆட்கள் வெறும் விரலை நீட்டி மிரட்டுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் கால்களை நோக்கி வரும் வட்ட ரம்பங்கள் இருட்டுச் சக்தித் தட்டுகளாயின. 3,000 ஆண்டு 5,000 ஆனது. ஒசிரிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் பெயர் தாங்கிய டிராகனுக்கு, டப்பிங்கில் வேலை பார்த்த ரோஜர் ஸ்லைஃபரின் பெயரை வைத்து ஸ்லைஃபர் ஆக்கினார்கள். இறந்தோர் உலகத்தின் கடவுள் பெயர் அந்த இடத்தில் ஏன் இருந்தது என்று கதையின் முடிவைப் பார்த்தால் புரியும். அது போனதுதான் எனக்கு ஆற்றாமை. 10 வயதுக்கு டப்பிங் போதும். சப்டைட்டில் வேகமாகப் படிக்கும் வயது வந்ததும் ஜப்பானிய மொழியில் காட்டுங்கள். யூகி, அடெம் இருவருக்கும் ஷுன்சுகே கசாமா ஒருவரே குரல். தொடங்கியபோது அவருக்கு வயது 16. நான்கு ஆண்டுகளில் அந்தக் குரல் முதிர்வதைக் காதாலேயே கேட்கலாம். கைபாவுக்குக் கென்ஜிரோ சுதா, அவரை மிஞ்ச ஆள் இல்லை.

எதைப் பார்ப்பது, எதை விடுவது? தீவுப் பகுதியும் பேட்டில் சிட்டியும் கட்டாயம். நடுவில் வரும் மெய்நிகர் உலகப் பகுதி மாங்காவில் இல்லாதது. நீளம் அதிகம், ஆனால் கைபாவின் வளர்ப்புத் தந்தை ஆயுதம் செய்து நடத்திய நிறுவனத்தை மகன் எப்படி விளையாட்டு நிறுவனமாக்கினான் என்பது அங்கேதான் விரிவாக வருகிறது. ஒரிகால்கோஸ் பகுதியும் டிவிக்காகச் சேர்த்ததே. இருந்தாலும் அதில் அடெம் தன் ஆத்திரத்தால் யூகியின் ஆன்மாவையே பறிகொடுக்கும் ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். இதற்குப் பின் வந்த ஜிஎக்ஸ் முதலிய தொடர்களில் நாயகர்கள் வேறு. மோட்டார் பைக்கில் ஆடும் ஃபைவ் டீஸ் வரை வந்து நின்றுகொண்டாலும் குறையில்லை.

காசு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டே போகும் பழக்கம் குழந்தைக்கு நல்லதில்லை. அது குலுக்கல்தான். எந்தக் கார்டுகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கக்கூடிய ஸ்ட்ரக்சர் டெக் ஒன்றோ இரண்டோ போதும், இருவர் ஆடலாம். கோனாமியின் மாஸ்டர் டூயல் 2022 ஜனவரியில் வந்தது, இலவசமாக ஆடலாம். உள்ளே பணம் செலுத்தும் வசதியை மட்டும் மறக்காமல் அடைத்துவையுங்கள்.

தகஹாஷி 2022 ஜூலையில், 60 வயதில், ஒகினாவா கடலில் இறந்தார். நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய்த்தான் உயிர்விட்டார் என்று சில மாதங்கள் கழித்துச் செய்தி வந்தது. அதைப் படித்த அன்று நான் மறுபடி பார்த்தது தொடரின் கடைசி ஆட்டத்தை.

அதில் யூகியும் அடெமும் முதன்முறையாகத் தனித்தனி உடம்போடு எதிரெதிரே நிற்கிறார்கள். அடெம் தோற்றால்தான் இறந்தோர் உலகத்தின் கதவு திறக்கும். அவன் விட்டுக்கொடுக்கமாட்டான், ஒசிரிஸ் டிராகன் உட்பட மூன்று கடவுள் கார்டுகளையும் இறக்குகிறான். யூகி முன்னதாகவே ஒரு கார்டைத் தேர்ந்து தங்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். எதிராளி அதே கார்டை ஆடினால் அது செல்லாது. ஆட்டம் முற்றும்போது அடெம், அழிந்த ஒசிரிஸ் டிராகனை எழுப்ப 'மான்ஸ்டர் ரீபார்ன்' என்ற கார்டை ஆடுகிறான். செத்ததைத் திரும்பக் கொண்டுவரும் கார்டு அது. பெட்டி திறக்கிறது. உள்ளே இருப்பதும் அதே கார்டு. யூகியின் சைலண்ட் மெஜீஷியன் கடைசியாகத் தாக்குகிறாள், புள்ளிகள் பூஜ்யமாகின்றன. ஜெயித்த சிறுவன்தான் மண்டியிட்டு அழுகிறான். தோற்றவன் வந்து அவனைக் கைகொடுத்து எழுப்பிவிட்டு, கதவை நோக்கி நடக்கிறான்.